நட்சத்திரம் போடாத எண்

அண்ணன் விட்ட அறையில் தம்பி மனைவி சுவரில் போய் மோதி விழுந்தாள். கூடத்தின் நடுவே தம்பி புதுச் சட்டையோடு கிடந்தான். விடியற்காலையில் மூச்சு நின்றிருந்தது. வாசலில் பிண வண்டி எஞ்சினை அணைக்காமல் நின்றது.

“புருஷனைக் குடிக்கவிட்டுட்டு, இப்ப ஆஸ்பத்திரியில அறுத்துப் பாக்கணுமாம்! ஈரல் வெந்து செத்தான்னு ரத்த ரிப்போர்ட்டே சொல்லுது!” காகிதத்தை அவள் முகத்தில் விட்டெறிந்தார்.

அதைப் பொறுக்கி எடுத்தாள் தங்கை. அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவில் பிறந்தவள், ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினாறு வருஷமாக வேலை. முந்தாநாள் அண்ணன் இதைப் போனில் வாசித்தபோது அளவு மீறியதென்று நட்சத்திரக் குறி போட்ட எண்களை மட்டும்தான் வாசித்தார். ஈரல் என்சைம் இரண்டும் எகிறியிருந்தன, யூரிக் ஆசிட் பன்னிரண்டு. “குடிதாண்ணே” என்றாள். அவள் வார்த்தையை நம்பி டாக்டரிடம்கூடக் காட்டவில்லை.

இப்போதுதான் முழுத் தாளையும் பார்க்கிறாள்.

என்சைம் என்பது செல்லுக்குள் பூட்டிவைத்த சாமான். செல் உடைந்தால் ரத்தத்தில் கொட்டிவிடும். அந்தச் சாமான் ஈரலில் மட்டுமா இருக்கிறது? சதையிலும் இருக்கிறது. சதை நொறுங்கினால் யூரிக் ஆசிடும் சேர்ந்தே ஏறும். குடித்துக் குடித்துக் கெட்ட ஈரலென்றால் கூடவே ஏறியிருக்க வேண்டிய காமா ஜிடி என்ற இன்னொரு என்சைம், நட்சத்திரம் இல்லாமல் இருபத்திரண்டில் நின்றது.

“மூத்திரம் என்ன நிறத்துல போச்சு?”

“கடுங்காப்பி மாதிரிக்கா.” தம்பி மனைவி வாயோரத்து ரத்தத்தைத் துடைத்தாள். “போன வாரம் உங்கண்ணன் தன்னோட டயர் கடையில வச்சு இவரை ட்யூப் பட்டையால அடிச்சாரு. மறுநாள் இவர் வலியில தள்ளாடினாரு. திரும்பவும் ஊத்திக்கிட்டியாடான்னு உங்கண்ணன் மறுபடி அடிச்சாரு. வெளிய சொன்னா நான் பிள்ளைங்களோட தெருவுலதான் நிக்கணும்னாரு. இவர் குடியை விட்டு அஞ்சு மாசம் ஆச்சுக்கா.”

ரப்பர் பட்டை தோலைக் கிழிக்காது, உள்ளிருக்கும் சதையை நசுக்கும். நசுங்கிய சதை ரத்தத்தில் கலந்து மூத்திரத்தைக் கறுக்கவைக்கும், சிறுநீரகத்தை அடைக்கும்.

“இவனைக் கொன்னது குடி இல்லண்ணே. உன் பட்டை.”

“நாலு எழுத்துப் படிச்சா நீ பெரிய டாக்டராடி? திருத்தத்தாண்டி அடிச்சேன்!” தங்கையின் தலைமுடியைப் பிடித்துக் கதவில் இடித்தார். நெற்றி கிழிந்தது. அவள் திமிறிக்கொண்டு போய், தம்பியின் சட்டையைத் திறந்து, அவனைப் புரட்டினாள். தோளிலிருந்து இடுப்புவரை, பட்டை அகலத்தில் கருநீலத் தடங்கள்.

“டிரைவர், வண்டியை அணைங்க! போலீஸ் வராம என் தம்பி இங்கிருந்து நகர மாட்டான்.”

எஞ்சின் நின்றது. அவள் போனை எடுத்தாள்.

அண்ணன் தடுக்கவில்லை. மண்டியிட்டு, தம்பியை மெல்லத் திருப்பிப் படுக்கவைத்து, சட்டைப் பொத்தான்களைப் போட்டார். மேல் பொத்தான் இரண்டாவது துளையில் போயிருந்தது. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மறுபடி மேலிருந்து போடத் தொடங்கினார்.