பதினோராவது பூட்டு

மூன்றாம் இயந்திரத்துக்கு நீர் விடுவதற்கு எல்லாம் ஆயத்தமாயிருந்தது; ஒரே ஒரு பூட்டு மட்டும் தடையாக நின்றது.

அந்த மின்நிலையத்தில் டர்பைனும் ஜெனரேட்டரும் ஆற்றின் போக்கிலேயே, மின்விளக்குக் குமிழைப் போன்றதோர் இரும்புக் கூட்டுக்குள் படுத்திருப்பவை. தொழிலாளர் அதனைப் ‘பல்பு’ என்பர். பழுது பார்க்கும் நாள்களில் இருபுறமும் மதகை இறக்கி, நீரை வடித்துவிட்டு, அதற்குள் இறங்குவார்கள். இறங்குமுன் ஒவ்வொருவரும் மதகின் விசைப்பெட்டியில் தம் பூட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். வெளியே வந்தபின் அவரவரே திறக்க வேண்டும். ஒரு பூட்டுத் தொங்கினாலும் மதகு எழும்பாது; உள்ளே ஓர் உயிர் இருக்கிறது என்று பொருள்.

பத்துப் பூட்டுகள் கழன்றுவிட்டன. எஞ்சியது ‘எலி’யின் பூட்டு. எந்த இடுக்கிலும் புகுந்து பழுது பார்த்துவிடும் ஃபிட்டர் என்பதால் அவருக்கு அப்பெயர். பூட்டைத் திறக்க மறந்து வீட்டுக்குப் போய்விடுவது அவர் வாடிக்கை. “எலி வளைக்குப் போயிடுச்சு, வால் மட்டும் இங்க தொங்குது!” என்று தொலைபேசியில் கிண்டல் செய்து வரவழைத்து, அனைவருக்கும் தேநீர் வாங்கித் தரச் செய்வார்கள். சென்ற வாரமும் மறந்துபோனார். மறுநாள் விடுமுறை. காலையில் முகம் மழித்துக்கொண்டிருக்கையில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர், மருத்துவமனை போய்ச் சேருமுன்னரே இறந்துவிட்டார்.

அந்தத் தொழிலாளரை மேற்பார்க்கும் ஃபோர்மேனுக்கு அவர் தங்கை கணவர். இந்த வேலையில் சேர்த்துவிட்டவரும் ஃபோர்மேனே.

“கட்டர் இருக்கு சார். அறுத்துடலாமா?” என்றார் பொறியாளர் அம்மையார், அவர் முகத்தைப் பாராமலே.

“வேணாம் மேடம். சாவி வீட்டுல இருக்கும். வாங்கிட்டு வந்துடறேன்.”

தங்கை கதவைத் திறந்தாள். வேலைச் சட்டை துவைக்கப்படாமல் ஆணியிலேயே தொங்கிற்று.

“சாவிக்குத்தானே வந்திருக்கீங்க?”

“ஆமாம்மா.”

“நான் தரலேன்னா?”

“அறுப்பாங்க.”

“அதுவரைக்கும் தண்ணி விட மாட்டாங்களா?”

“ஒரு சொட்டு விட மாட்டாங்க.”

அவள் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “ஆஸ்பத்திரியில எழுதிக் குடுத்துட்டாங்க. ஆபீஸ்லயும் பேரை அடிச்சாச்சு. அதுல நீங்களே கையெழுத்துப் போட்டீங்க. அந்த ஒரு எடத்துலதான், அவரு வந்தாத்தான் ஆச்சுன்னு இன்னும் காத்துக்கிட்டிருக்காங்க. அதையும் எடுத்துடணுமா அண்ணா?”

“சரி, நீயே வச்சுக்கோம்மா” என்று ஃபோர்மேன் திரும்பிச் செருப்பை மாட்டினார்.

வாசற்படி இறங்கியவரை அவள் ஓடிவந்து நிறுத்தினாள். “அறுக்க வேணாம். அவரு தானே பெயின்ட் அடிச்சு, அந்த ஓட்டைப் பூட்டை என்னமா மெச்சிக்கிட்டாரு!” சிரிக்கப் பார்த்தாள், உதடு கோணிற்று. சாவியை அவர் கையில் வைத்து விரல்களை மூடினாள். “தொறக்கறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவை நல்லாப் பாத்துடுங்கண்ணா.”

அவள் சொல்லாவிட்டாலும் அவர் இறங்கித்தான் ஆகவேண்டும். பிறர் பூட்டைத் திறப்பவர் தாமே உள்ளே போய்த் தேடி, பூட்டுக்குரியவரைப் பெயர் சொல்லி மும்முறை அழைத்து, மறுமொழியில்லை என மேலே தெரிவிக்க வேண்டும் என்பது விதி.

குறுகிய குழாய்க்குள் ஏணி வழியே இறங்கினார். கிரீஸ் வாடை முகத்தில் அடித்தது. விளக்கை ஜெனரேட்டரைச் சுற்றிலும் காட்டினார். பேரிங்கின் அடியில், ‘எலி’ ஒருவரே நுழையக்கூடிய சந்திலும் குனிந்து பார்த்தார். பின்பு நிமிர்ந்து, அழைக்க வாயெடுத்தார். பெயர் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாளும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.

“மாப்பிள்ளே!”

இரும்புச் சுவர்கள் அதனைத் திருப்பிக் கொடுத்தன.

“மாப்பிள்ளே!”

மூன்றாம் முறை குரல் பாதியில் உடைந்தது. எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று விதியில் எழுதியிருக்கவில்லை. அவர் காத்திருந்தார்.

சுவரிலிருந்த பேசுபெட்டி கரகரத்தது. “சார், உள்ள யாராச்சும் இருக்காங்களா?”

அவர் பொத்தானை அழுத்தினார்.

“சார்?”

“யாரும் இல்ல மேடம்.”

ஆறு நாள்களாக, துக்கம் கேட்க வந்தவர்க்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டு நின்றபோது வராத அழுகை அப்பொழுது வந்தது. சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏணியைப் பற்றினார். மேலே போய்ச் சாவியைத் திருப்ப வேண்டியிருந்தது.