அப்பன் இருக்கும்போதே

கழுத்தில் சுற்றியிருந்த துண்டை உருவிச் சவரம் செய்ய வந்திருந்த செல்லனின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து, நடராஜா பக்கம் திரும்பினான் சரண். "சித்தப்பா, நீங்களே கொள்ளி வச்சிருங்க. நான் மொட்டை போடமாட்டேன்."

புக்கிட் ரோத்தான் தோட்டத்தில் அது சின்ன வீடு. முன்னறையில் கணவர் சிவநேசனின் சவப்பெட்டியருகே உட்கார்ந்திருந்த தங்கமணிக்கு அடுப்படியைத் தாண்டிப் பின்வாசல் தெரிந்தது. மகன் சொன்னதும் தெளிவாகக் கேட்டது. துக்கத்துக்கு வந்திருந்த பெண்கள் அழுகையைக் கொஞ்சம் நிறுத்திவைத்துக் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"இப்பத்தப் பசங்களுக்கு அப்பனவிட முடிதான் பெருசு," என்றாள் அவர்களில் ஒருத்தி.

அப்படித்தான் தோன்றும். சரணின் முடி தோளைத் தொட்டு, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுமளவுக்கு வளர்ந்திருந்தது. அது ஸ்டைலுக்கு வளர்ந்ததில்லை என்பது அந்தக் கூட்டத்தில் தங்கமணி ஒருத்திக்குத்தான் தெரியும்.

எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்த சிவநேசனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது இரண்டு வருடத்துக்கு முன். கோலாலம்பூரில் பெரிய ஆஸ்பத்திரி. முதல் கீமோ முடிந்ததும் தலைமுடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. கண்ணாடி பார்ப்பதையே அவர் விட்டுவிட்டார். அந்த வாரக் கடைசியில், ரவாங்கில் தொழிற்சாலை வேலை முடித்து நேராக வார்டுக்கு வந்த சரண் தொப்பியைக் கழற்றினான். தலை மழமழவென்றிருந்தது.

"அப்பாவுக்கு ஒரு கம்பெனி வேணாமா?" என்றான்.

சிவநேசன் சிரித்தார். வியாதி வந்த பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். மகனைக் கிட்டே கூப்பிட்டு அந்தத் தலையைத் தடவிப் பார்த்தார்.

தங்கமணிக்குத் தெரிந்து, சாமிக்கு நேர்ந்துகொள்ளாமல் மகன் தலையை மழிக்கிறான் என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். அவள் வாய்க்கு எப்போதுமே வேலி கிடையாது. வார்டு என்றும் பார்க்கவில்லை, மகன் என்றும் பார்க்கவில்லை.

"அப்பன் உசுரோட இருக்கும்போதே மொட்டை போட்டுட்டு வந்து நிக்கிறியேடா. கொள்ளிக்கட்டையையும் கையோட கொண்டாந்திருக்கலாமே."

சரண் தொப்பியைத் திரும்ப மாட்டிக்கொண்டான். அதன் பிறகு தலையில் கத்தி படவே விடவில்லை. மற்றது எதிலும் குறை வைக்கவில்லை. சனிக்கிழமை விடிந்ததும் பாசிர் பெனம்பாங் போய் மீன் வாங்கிவருவான். அவள் சூப் வைப்பாள். வாய்ப்புண்ணில் அதுவும் இறங்காதபோது ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டிவிடுவான். ரத்தம் கொடுத்தான், பிளேட்லெட் கொடுத்தான். நோய் அடங்கியது என்றார்கள். திரும்பி வந்துவிட்டது என்று டாக்டர் சொன்ன நாளில், "அன்னிக்கே சொன்னேன்," என்றாள் தங்கமணி. அவன் எழுந்து போய்க் காரில் உட்கார்ந்துகொண்டான்.

நடராஜா பெட்டியருகே வந்து குனிந்தான். "அண்ணி, எவ்வளவு சொல்லியும் கேக்கமாட்டேங்கிறான். மகன் இருக்க நான் எப்படிலா வைக்கிறது? மின்சுடலைக்கு நேரமாவுதுன்னு பண்டாரம் வேற சத்தம் போடுறாரு."

தங்கமணி எழுந்தாள். "எங்க போற? பெட்டிகிட்ட இரு," என்று யாரோ சேலையைப் பிடித்தார்கள். அவள் விடுவித்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள்.

குழாயடியில் மர ஸ்டூல் காலியாக இருந்தது. செல்லன் கத்தியை வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். சரண் வேலிக்கு அப்பால் இருந்த செம்பனை மரங்களைப் பார்த்தபடி நின்றிருந்தான்.

"உக்காருடா."

"வேணாம்மா. ஒரு தடவ போட்டதுக்கே…"

"அதுக்கும் இதுக்கும் என்னடா இருக்கு? ரத்தத்துல கோளாறுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"டாக்டர் சொன்னது எனக்கும் தெரியும்மா. நீங்க சொன்னீங்களே."

அவன் நம்பிவிட்டான். அப்பாவைக் கொன்றது தன் கைதான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டேதான் அந்தக் கையால் சூப்பை ஊட்டியிருக்கிறான். தான் பெற்ற பிள்ளைக்குத் தானே செய்துவைத்தது இது. தங்கமணிக்குப் புருஷன் போனதைவிட இது பெரிதாக வலித்தது.

சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. யாரிடமும் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று இருந்தாள்.

"போன மாசம் அப்பா கேட்டாரு," என்றாள்.

"என்ன?"

"உன்னைய ஒரு தடவ மொட்டை போட்டுக்கிட்டு வரச் சொல்லுன்னாரு. அன்னிக்குத் தடவிப் பாத்தது நல்லா இருந்துச்சாம். பேசாம கஞ்சியக் குடிங்கன்னு அவர் வாயை அடைச்சிட்டேன்."

சரண் திரும்பினான். "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"பயமா இருந்துச்சுடா. போயிருவாரோன்னு பயமா இருந்துச்சு."

செல்லன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்வாசலில் மேளம் ஒருமுறை அடித்து ஓய்ந்தது. சரண் கோபப்படுவான், கத்துவான் என்று தங்கமணி காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்திருக்கும்.

"நான் போட்டிருப்பேன்லம்மா," என்றான் அவன்.

"தெரியும்."

அவன் ரப்பர் பேண்டைக் கழற்றிக் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். செல்லன் குவளையை எடுக்கப் போனார். தங்கமணி அதை வாங்கிக் குழாயில் தண்ணீர் பிடித்தாள். மகன் தலையில் ஊற்றி, முடியை விரலால் கோதிக் கோதி வேர்வரை நனைத்தாள். முகத்தில் வழிந்த தண்ணீரை அவன் துடைக்கவில்லை.

செல்லன் புது பிளேடு மாட்டி உச்சியிலிருந்து இறக்கினார். நீள முடி சிமெண்டுத் தரையில் விழுந்து, ஈரத்தோடு சாக்கடைப் பக்கம் நகர்ந்தது. உள்ளேயிருந்து இரண்டு முறை தங்கமணியைக் கூப்பிட்டார்கள். "வரேன்," என்றாளே தவிர, இடத்தைவிட்டு நகரவில்லை.

"ஆச்சு," என்று கத்தியைத் துடைத்தார் செல்லன்.

தங்கமணி கிட்டே போய்க் குனிந்தாள். நெற்றியிலிருந்து பிடரிவரை உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டு வந்தாள். கை ஓரிடத்தில் நின்றது.

"காதுக்குப் பின்னால விட்டுருக்கீங்க, செல்லண்ணே. அதையும் எடுத்துருங்க."

சரண் தலையைச் சாய்த்துக் கொடுத்தான்.