நீலம் பிறந்துவிட்டால்

குட்டியை உள்ளங்கையில் ஏந்தி ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தரம் திருப்பியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. கறுப்பில் வெள்ளையைக் கலந்து ஒரு சொட்டு நீலமும் விட்டால் வருமே, அந்தச் சாம்பல். கண் இரண்டும் மிளகு. சாட்சாத் நீலமேதான். அவள் பெயிண்ட் கடையில் நாளெல்லாம் நிறம் கலக்குகிறவள். வெள்ளையில் எத்தனை வெள்ளை என்று கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். அவளிடம் போய் நிறம் தப்புமா?

"என்ன நிறம்?" என்றார் கணவர், பக்கத்தில் குனிந்து.

"லைலாக்," என்றாள்.

"ஓஹோ," என்றார் அவர். நிமிர்ந்துவிட்டார்.

அவருக்கு நிறக்குருடு. சிவப்பெல்லாம் அவருக்கு வெறும் இருட்டுதான். அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை என்பதால் பிழைத்தார். அங்கே கறுப்பு எழுத்து, வெள்ளைக் காகிதம், வேறு வம்பில்லை. ஒரு காற்புள்ளி இடம் மாறினாலும் விடமாட்டார் என்று அங்கே அவருக்குப் பெயரே காற்புள்ளி. அப்பேர்ப்பட்டவர் போயும் போயும் ஜெர்பில் வளர்க்கக் கிளம்பினார், அதுவும் நிறத்துக்காக! ஜெர்பில் என்றால் பாலைவனத்து எலி, வால் நுனியில் கொஞ்சம் மயிர்க்கொத்து. சொந்தக்காரர்கள் ஃபோன் பண்ணினால் "எலிப்பண்ணை எப்படிப் போகுது?" என்று கேட்காமல் வைப்பதில்லை. அவருக்குப் பிடித்தது அதிலிருந்த கணக்கு. அப்பனும் அம்மாவும் பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கும். அப்பனிடம் ஒளிந்திருக்கும் ஒரு பங்கும் அம்மாவிடம் ஒளிந்திருக்கும் ஒரு பங்கும் ஒரே குட்டியிடம் வந்து சேர்ந்தால்தான் அபூர்வ நிறம் வெளியே தலைகாட்டும். லைலாக்கும் நீலமும் ரோமத்தில் அக்கா தங்கை மாதிரி. ஆனால் லைலாக்குக்குக் கண் சிவப்பு, எந்தக் கடையிலும் கிடைக்கும். நீலத்துக்குக் கண் கறுப்பு, தேடினாலும் கிடைக்காது. வித்தியாசம் முழுக்கக் கண்ணில் இருந்தது, அந்தக் கண்தான் அவருக்குப் பிடிபடாது.

பிள்ளைகள் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு பக்கம் போன பிறகு அந்த வீட்டில் பேச்சு வற்றிப்போயிற்று. சண்டையும் இல்லை, சண்டை போடுவதற்காவது வாயைத் திறக்க வேண்டாமா? சாப்பாடு ஆச்சா, கதவைப் பூட்டியாச்சா, அவ்வளவுதான். குட்டிகளுக்கு ரோமம் முளைத்துக் கண் திறக்கும் வாரத்தில் மட்டும் பின்னறையிலிருந்து "இங்க கொஞ்சம் வாயேன்" என்று குரல் வரும். அவள் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுவாள். ஒருமுறை ஒரு குட்டி தேன் நிறம் என்றாள். "தேன் எப்படி இருக்கும்?" என்றார். "ருசி தெரியும்ல, பாக்கவும் அப்படியேதான்," என்றாள். "அதெப்படிடி!" என்று அவர் சிரித்த சிரிப்பில் தொட்டிக்குள் இருந்தவையெல்லாம் மரத்தூளுக்குள் ஓடி ஒளிந்துகொண்டன.

போன மாதம் அதே அறையில் வைத்துத்தான் சொன்னார்: "நீலம் பிறந்துட்டா போதும். எல்லாத்தையும் பெட் ஷாப்காரர்கிட்ட குடுத்துட்டுக் கடையைக் கட்டிடலாம். உனக்கும் தொல்லை விட்டுச்சு."

தொல்லையாம்! அன்றிலிருந்தே அவளுக்கு ஒரே யோசனை. இனி இந்த மனுஷன் எதற்காகத் தன்னைக் கூப்பிடுவார்?

அவள் லைலாக் என்று சொன்னதற்கு மறுநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் ஆரம்பித்தார்.

"அந்த அப்பனை சிவப்புக் கண்ணு பெட்டையோட ரெண்டு தடவை சேத்தோமே. ஒரு குட்டிக்காவது சிவப்புக் கண் வந்துச்சா?"

"இல்ல."

"பெட் ஷாப்காரரும் பாத்துட்டு இல்லைன்னுதான் சொன்னாரு. அப்போ அப்பன்கிட்ட சிவப்பே கிடையாது. அவன்கிட்ட இல்லாதது குட்டிக்கு எங்கேருந்து வரும்? லைலாக் பிறக்க வழியே இல்லையே."

அவளுக்குத் திக்கென்றது. "எனக்கென்ன தெரியும்? உங்க கணக்கு எங்கயாவது தப்பியிருக்கும்."

சொன்ன பிறகுதான் உறைத்தது. அச்சக முதலாளியே அவரிடம் சொல்லத் துணியாத வார்த்தை அது. அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். அச்சுத்தாளைப் பார்ப்பதுபோல, ஓரம் தொடங்கி ஓரம்வரை, எதையும் விடாமல். அவர் அப்படிப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று அவளுக்கு ஞாபகமில்லை. இன்னொரு வார்த்தை கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள்.

"இருக்கும்," என்றார். "கணக்குதான் தப்பியிருக்கும்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனார். குட்டியின் கண்ணைப் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டுக் கடைக்காரருக்கு இப்போது ஃபோன் போகும் என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். அவருடைய ஃபோன் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது.

"இங்க கொஞ்சம் வாயேன்."

போனாள். நீலக்குட்டி தொட்டியிலேயே இருந்தது. அவர் கையில் வைத்திருந்தது அதன் கூடப் பிறந்த இன்னொன்று. மூக்கு தொடங்கி வால் நுனிவரை அட்டக்கரி. கறுப்பு அவருக்குச் சோறு போடுகிற நிறம். அதில் எந்த நாளும் அவருக்குச் சந்தேகம் வந்ததில்லை.

"இது என்ன நிறம்?" என்றார்.

அவளைப் பார்க்காமல் குட்டியையே பார்த்துக்கொண்டு கேட்டார். பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். அவள் ஒட்டி உட்கார்ந்தாள். குட்டியை வாங்கிக்கொள்ளாமல், அவர் கையைச் சேர்த்துப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"அவசரப்படுத்தாதீங்க," என்றாள். "நல்லா பாத்துத்தான் சொல்லணும்."

குட்டி மீசை துடிக்க, இரண்டு பேர் விரல்களையும் மாறி மாறி மோந்து பார்த்தது.