பம்பரம் நிற்கும் வரை

அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். மூக்கின் கீழே புறங்கையை நீட்டிப் பார்த்தாள். எங்கும் ஒன்றுமில்லை. கார் மட்டும் மெல்ல முனகிக்கொண்டிருந்தது.

எஞ்சின் சத்தமில்லை அது, சாவியே போட்டிருக்கவில்லை. பாப்பா டேஷ்போர்டின் மேல் கையை வைத்தாள். நடுவிலிருந்த வட்டக் கண்ணாடிக்குப் பின்னால் ஏதோ சுற்றிக்கொண்டிருப்பது விரல் நுனியில் தெரிந்தது. அப்பா ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து, கண்ணை மூடி, யாரோ சொல்வதைக் கேட்பவர்போல உட்கார்ந்திருந்தார். மடியில் நீளமான ஸ்க்ரூ டிரைவர் கிடந்தது. அவர் கையில் சூடு இன்னும் போகவில்லை. தம்பியைச் செல்லில் கூப்பிட்டபோது மணி ஐந்து இருபத்தேழு.

அதன்பிறகு அம்மா ஓடிவந்தாள், பக்கத்து வீட்டார் வந்தார்கள், ஷெட் முழுவதும் ஆட்களானார்கள். முனகல் எப்போது நின்றது என்று பாப்பா கவனிக்கவில்லை.

நாற்பத்திரண்டு வயதாகி, காதோரம் நரை எட்டிப் பார்த்த பிறகும் அந்த வீட்டில் அவள் பாப்பாதான். வேலை காது கிளினிக்கில். நோயாளிக்கு ஹெட்போனை மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்குங்கள் என்று ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் சொல்ல வேண்டும். "எங்க வீட்டு டாக்டரம்மா" என்பார் அப்பா, நாலு பேர் முன்னால். அதில் பெருமை பாதி, நக்கல் பாதி.

அப்பாவைத் தெருவில் பைலட் என்றுதான் சொல்வார்கள். அவர் விமானத்தில் ஏறியதே இல்லை. உடைத்துப் போட்ட பழைய விமானங்களின் கடிகாரம், மீட்டர், சுவிட்ச், கைப்பிடி என்று அகப்பட்டதை வாங்கிவந்து, அறுபது எழுபது வருடத்துக் கார்களில் பொருத்துவது அவர் தொழில். காசுள்ளவர்களின் ஆசைக்கு எல்லை ஏது? ஒருவர் கியர் கம்பிக்கு விமானத்தின் கைப்பிடி வேண்டும் என்பார். இன்னொருவருக்கு உயரம் காட்டும் மீட்டர் வேண்டும். "தரையில ஓடுற வண்டிக்கு எதுக்குப்பா உயரம்?" என்று சின்ன வயதில் பாப்பா கேட்டதற்கு, "ஓனரோட தலைக்கனம் எவ்ளோ அடின்னு பாத்துக்கலாம்ல" என்றார்.

இப்போது ஷெட்டில் நின்றது ஒரு பல் டாக்டரின் கார். அவர் கேட்டது ஹாரிசான் என்ற விமான மீட்டர். மேகத்துக்குள் நுழைந்த விமானிக்கு மேல் எது, கீழ் எது என்று குழம்பிவிடுமாம். அப்போது அந்தக் கண்ணாடிக்குள் இருக்கும் வெள்ளைக் கோடுதான் தரை இருக்கும் திசையைக் காட்டிக்கொடுக்கும். உள்ளே ஒரு சக்கரம் அசுர வேகத்தில் சுற்றிக்கொண்டே இருப்பதால் கோடு நிலையாக நிற்கிறது. அப்பா அதைப் பம்பரம் என்பார். கார் குப்புறக் கவிழ்ந்தாலொழிய அந்தக் கோட்டுக்கு அங்கே வேலையில்லை. ஆனாலும் பல் டாக்டருக்கு அது வேண்டும். அப்பாவுக்கோ அது சுத்தமாகச் சுற்ற வேண்டும்.

அந்தக் காரின் அருகில் வைத்துத்தான் ஒன்பது நாளைக்கு முன் பாப்பா அப்படிப் பேசினாள். வேலை எப்போது முடியும் என்று பல் டாக்டர் மூன்று தடவை கேட்டும் அப்பா நிமிரவில்லை. அவள் கிளினிக்கிலிருந்து அலுத்துப்போய் வந்திருந்தாள்.

"சத்தமா கேளுங்க டாக்டர். அப்பாவுக்குக் காது போச்சு. நான்தான் டெஸ்ட் பண்ணேன். காதுல கேட்டுக் கேட்டு வேலை பாக்கறதெல்லாம் இனி நடக்காது, சொன்னா கேக்க மாட்டேங்கறார்."

பல் டாக்டர் தன் காரைச் சொத்தைப் பல்லைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தார். அப்பா கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, "அடுத்த வாரம் எடுத்துக்கலாம் சார்" என்றார். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அவள் சொன்னது பொய்யில்லை. ஆனால் பாதிதான் சொன்னாள். காது ரிப்போர்ட்டில் இரண்டு கோடுகள் இருக்கும். காற்று வழியாகக் கேட்பது ஒன்று, எலும்பு வழியாகக் கேட்பது ஒன்று. அப்பாவின் முதல் கோடு கீழே விழுந்து கிடந்தது. இரண்டாவது கோடு முப்பது வயது ஆளுக்கு இருப்பதுபோல நேராக இருந்தது. அதைச் சொல்லத்தான் அன்று சாயங்காலம் கிளினிக்கிலிருந்து கிளம்பும்போது கூப்பிட்டாள். எலும்பு வழியா நல்லா கேக்குதுப்பா, நான் சொன்னது தப்பு. வாக்கியத்தைக்கூட மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தாள்.

மணி ஐந்து பதினாலு. ஆறு தடவை அடித்தது. ஏழாவது அடிப்பதற்குள் கட் ஆனது.

தானாக நின்ற அழைப்புக்கும் ஒருவர் விரலால் கட் செய்த அழைப்புக்கும் வித்தியாசம் யாருக்குத்தான் தெரியாது? அதனால்தான் தன் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வண்டியைத் திருப்பினாள். வந்து பார்த்தால் இப்படி.

ஏழு மணிக்கு வந்த டாக்டர், இதயம் நின்றிருக்கிறது, தூக்கத்தில் போவதுபோலப் போயிருப்பார் என்றார். எத்தனை மணிக்கு என்று கேட்டதற்கு, "ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருக்கும்" என்று பொதுவாகச் சொன்னார். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான்.

"அப்ப அஞ்சுக்கு முன்னாடியே போயிட்டார். நீ போன் பண்ணும்போது அவர் இல்லவே இல்லக்கா. அதப் போட்டு மனசக் கொழப்பிக்காத."

அவள் தலையாட்டினாள். கட் ஆனதை அவனிடம் சொல்லவில்லை. நல்லெண்ணத்தில் சொல்கிறான், அதைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டாள். ஆனால் செத்தவர் எப்படிப் போனைக் கட் செய்வார் என்ற கேள்வி இரவு முழுக்க அவளுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. அப்பா கடைசியாகத் தனக்குச் செய்தது அதுதானா என்பது அடுத்த கேள்வி.

காலையில் எல்லாரும் முன்னறையில் அப்பாவைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சுடுகாட்டுக்குப் போகும் வண்டி பன்னிரண்டு மணிக்கு. அதற்கு ஏற்பாடு செய்யத் தம்பி வெளியே போயிருந்தான். வாட்ச்காரர் வந்தார். கடைவீதியில் கடிகாரம் பழுது பார்ப்பவர், அப்பாவின் கூட்டாளி. வெகுநேரம் அப்பாவின் காலடியில் நின்றுவிட்டுப் பாப்பாவின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"பாப்பா, இந்த நேரத்துல கேக்கக் கூடாது. எனக்கே வெக்கமா இருக்கு."

"கேளுங்க மாமா."

"பம்பரத்துக்கு நேத்து மத்தியானம்தான் புது பேரிங் போட்டோம். நான் கடைஞ்சு குடுத்தது. கரண்ட நிறுத்தினப்புறம் அது எத்தன நிமிஷம் ஓடுதோ அதுதான் பேரிங்கோட லட்சணம். பழசு பதினோரு நிமிஷத்துல படுத்துடுச்சு. இது எவ்ளோ ஓடுதுன்னு பாத்துட்டுச் சொல்றேன்னார். போன் வரும் வரும்னு உக்காந்திருந்தேன். இந்தப் போன்தான் வந்துச்சு."

பாப்பா நிமிர்ந்தாள். "நான் வந்தப்ப அது ஓடிட்டுத்தான் இருந்துச்சு மாமா. அஞ்சு இருபத்தேழு."

"எத்தன மணிக்கு நிறுத்தினார்னு சிலேட்ல இருக்கும். எழுதாம உக்கார மாட்டார்."

அவர் முகத்தில் துக்கத்தையும் மீறி ஓர் ஆவல் தெரிந்தது. பாப்பாவுக்கு அது தவறாகப் படவில்லை. இரவெல்லாம் அவளுக்கும் அதே நோய்தான்.

ஷெட்டில் சிலேட், காரின் பக்கத்து இருக்கையிலேயே கிடந்தது. வரிசையாகச் சாக்பீஸ் எழுத்து. நிறுத்திய நேரம், நின்ற நேரம், நிமிடம். பதினொன்று, பதினொன்று, பத்தரை. கடைசி வரியில் 5.12 என்று மட்டும் இருந்தது.

ஐந்து பன்னிரண்டுக்கு நிறுத்தியிருக்கிறார். பதினாலுக்கு அவள் போன். ஆக, தம்பியின் கணக்கு தப்பு. அப்பா உயிரோடு இந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தார், சட்டைப்பையில் செல் அதிர்ந்தது, எடுத்துப் பெயரைப் பார்த்தார், கட் செய்தார். தெரிந்துகொண்டது நல்லதா கெட்டதா என்று புரியாமல் அவள் சிலேட்டை வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து காதோடு எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீ பொறந்தப்ப உங்க மாமா இவருகிட்ட ஓடுனான், பொண்ணு பொறந்திருக்குன்னு சொல்ல. இந்த மனுஷன் ஸ்க்ரூ டிரைவரக் காதுல வச்சுக்கிட்டு, 'ஆறு நிமிஷம் இரு'ன்னாராம். என் தம்பி இன்னைக்கும் அதச் சொல்லித் திட்டுவான்."

"அது அப்போ, அம்மா. நான் அவர அந்த டாக்டர் முன்னாடி அப்படிப் பேசினேன். ஒம்போது நாளு. என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?"

"இல்ல."

"கோவமா இருந்தாரா?"

"என்னக் கேட்டா?" என்றாள் அம்மா. "நாப்பத்தஞ்சு வருஷத்துல அவரு மனசுல என்ன இருக்குன்னு நான் என்னைக்குக் கண்டேன். அதுக்கு ஒரு மீட்டர் இருந்திருந்தா மொத ஆளா வாங்கி அவரு நெத்தியில மாட்டிருப்பேன்." சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

மணி பத்து. வாட்ச்காரர் வாசல் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பா அவரிடம் போனாள்.

"மாமா, அத எப்படி ஓட விடறது?"

அவர் சொல்லிக்கொடுத்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் கரண்ட் பெட்டியைப் போட வேண்டும். முழு வேகம் பிடிக்கப் பத்து நிமிடம். பிறகு நிறுத்தி, நேரத்தை எழுதிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் முனையை மீட்டரின் விளிம்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் அழுத்திக்கொள்ள வேண்டும்.

"காதுல வைக்கறதில்லையா?"

"காதுல வச்சா வெளிச் சத்தமெல்லாம் வரும். எலும்புல வச்சாத்தான் பேரிங் பேசும்."

கிளினிக்கில் அவள் தினமும் கருவியை வைத்து அழுத்துவது அதே எலும்பில்தான். இத்தனை வருடமாக அப்பா எங்கே வைத்துக் கேட்கிறார் என்று ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை. 'காதுல கேட்டு வேலை பாக்கறார்' என்றே நினைத்திருந்தாள். எல்லாருடைய காதையும் சோதிப்பவளுக்கு இது தெரியவில்லை என்று தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அப்பாவின் இருக்கையில் உட்கார்ந்தாள். ஏதோ சிறு விமானத்திலிருந்து கழற்றிய இருக்கை. உடம்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. கரண்ட் பெட்டி கீச்சென்று கத்தியது. அதற்குள்ளிருந்து பம்பரத்தின் குரல் மெல்ல எழுந்தது. கண்ணாடிக்குள் சாய்ந்து கிடந்த வெள்ளைக் கோடு ஒருமுறை தள்ளாடி, நிமிர்ந்து, நேராகப் படுத்தது. பத்து நிமிடம் ஆனதும் நிறுத்தினாள். கீச்சு அடங்கியது. சிலேட்டில் 10.21 என்று எழுதினாள். ஸ்க்ரூ டிரைவரை ஊன்றி, எலும்பில் அழுத்தினாள்.

மண்டைக்குள் ஒரு மாவு மில் ஓடியது. முதலில் ஒரே இரைச்சல். கொஞ்சம் பழகியதும் அதற்குள் இரண்டு மூன்று குரல்கள் தனித்தனியாகப் பிரிந்தன. தடிமனான ஒன்று கீழே, அதன்மேல் மெல்லிய ஒன்று, இரண்டுக்கும் நடுவே எப்போதோ ஒரு தடவை சின்னதாக ஒரு 'டிக்'. பாப்பா மூச்சை அடக்கினாள். டிக் பேரிங்கிலிருந்து வருகிறதா, அல்லது தன் நாடித் துடிப்பா? நாடியென்றால் ஒரே சீராக வர வேண்டும். பேரிங்கென்றால் வேகம் குறையக் குறைய இடைவெளி கூட வேண்டும். எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. இடைவெளி கூடுகிறதோ? கூடுவதுபோலத்தான் இருந்தது. ஏழு, எட்டு.

இடுப்புப் பையில் செல் அதிர்ந்தது. துக்க வீடு என்று சத்தத்தை நிறுத்தி வைத்திருந்தாள். அந்த அதிர்வு இருக்கையின் இரும்பில் ஏறி, ஸ்க்ரூ டிரைவர் வழியாக மண்டைக்குள் பல் டாக்டரின் மெஷின்போல இறங்கியது. டிக் தொலைந்துபோனது. செல்லை உருவினாள். தம்பி. கட் செய்தாள். பையில் போட்டாள். கண்ணை மூடி மறுபடி டிக்கைத் தேடினாள். ஒன்பதா, பத்தா?

கொஞ்ச நேரம் கழித்துத்தான் கண்ணைத் திறந்து, தம்பியின் அழைப்பைக் கட் செய்த தன் கட்டைவிரலைப் பார்த்தாள்.

ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை என்பதுதான் நிஜம். டிக் திரும்பக் கிடைத்துவிட்டிருந்தது. இப்போது அதற்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மூச்சு விடலாம்போல இருந்தது. நாடியில்லை, பேரிங்தான். தடிமனான குரல் இறங்கி இறங்கி உறுமலானது, உறுமல் உரசலானது. வெள்ளைக் கோடு சாயத் தொடங்கியது. யாரோ ஷெட் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். கன்னத்தில் வழிந்ததை அவள் துடைக்கவில்லை. துடைத்தால் கை ஆடும்.

நின்றது. 10.40. பத்தொன்பது நிமிடம். எழுதிவிட்டு, ஒரு தடவை கூட்டிக் கழித்துச் சரிபார்த்துவிட்டு, தம்பியைக் கூப்பிட்டாள்.

"என்னக்கா, கூப்பிட்டா கட் பண்ற? வண்டி பதினொன்னரைக்கே வந்துடும்ங்கறான், அதச் சொல்லத்தான்."

"சரிடா."

"என்மேல எதுவும் கோவமா?"

"ச்சீ, இல்லடா. ஒரு வேலையா இருந்தேன். முடிஞ்சதும் நானே கூப்பிடலாம்னு…"

சிலேட்டில் அப்பாவின் 5.12-க்குக் கீழே இருந்த தன் 10.21-ஐப் பார்த்தாள். தம்பி நின்றிருந்த தெருவில் வண்டிகள் போகும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் வைக்கும்வரை அவனும் வைக்கவில்லை.