பிச்சிப்பூ மணத்த பஞ்சு

எலிசாளுக்கு அழுக்கு என்றால் ஜென்மப் பகை. பஸ் சீட்டைக்கூட முந்தானையால் ஒரு தடவை துடைத்துவிட்டுத்தான் உட்காருவாள். அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ, ஊரார் வீசியெறிந்த பிளாஸ்டிக்கோடு மாரடிக்கிற வேலை. களியக்காவிளையிலிருந்து எல்லை தாண்டி வந்து கரமனையில் வாடகைக்கு இருக்கிறாள். மூன்று வருடமாக ஆற்றோரத்தில் ரெனியின் பட்டறையில்தான் சோலி.

ரெனி பெரிய படிப்புப் படித்தவள். அந்தப் படிப்புக்கு ஏசி ரூமில் இருந்திருக்கலாம். பாட்டில் மூடியையும் தயிர் டப்பாவையும் உருக்கிப் பஞ்சாக்கப் போகிறேன் என்று தகரக் கொட்டகையில் வந்து உட்கார்ந்துவிட்டாள். உருகிய பிளாஸ்டிக், சுழலும் கிண்ணத்தின் துளைகள் வழியாக இழை இழையாகப் பறந்து வரும். திருவிழாவில் பஞ்சுமிட்டாய் சுற்றுகிற அதே வித்தைதான். அந்தப் பஞ்சைப் பழைய வலையில் திணித்து, ஆள் நீளத்துக்குத் தலையணையாகத் தைப்பார்கள். ஆற்றிலோ கடலிலோ எண்ணெய் கொட்டினால் இதைப் போட வேண்டியது. எண்ணெயைக் குடிக்கும், தண்ணீரைத் தொடாது, மிதந்துகொண்டே கிடக்கும். பார்க்கப் பால்வெள்ளை. ஆனால் கருகின பிளாஸ்டிக் நாற்றம் மட்டும் சகிக்காது.

போன மாதம் பார்வையிட வந்த அதிகாரி ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டே நின்று, ஐந்தாவது நிமிடம் கிளம்பிவிட்டார். அப்போது ரெனியின் முகம் செத்துப்போனதை எலிசாள் பார்த்தாள். இந்தப் புதன்கிழமை இன்னொரு குழு வருவதாக இருந்தது. நம் இடத்துக்கு வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவதா? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆளில்லாத பட்டறைக்குப் போனாள். தலையணைகளைச் சோப்புப் பொடியில் முக்கி, பிச்சிப்பூ மணமடிக்கிற துணித் திரவத்தில் அலசிக் காயப்போட்டு, பழையபடி அடுக்கிவிட்டாள். பன்னிரண்டோடு கொடி நிறைந்துவிட்டது. இல்லாவிட்டால் முப்பதையும் முக்கியிருப்பாள். சோப்பு படக் கூடாது என்று ரெனி எப்போதோ சொன்னது நினைவில் இருக்கத்தான் செய்தது. சிக்கனத்துக்குச் சொல்கிறாளாக்கும் என்று எண்ணி, சோப்பைத் தன் காசிலேயே வாங்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குப் பாலத்தருகே டீசல் லாரி ஒன்று கவிழ்ந்தது. டீசல் ஓடையில் இறங்கி ஆற்றுக்கு வந்தது. அங்கிருந்து முக்கால் மணி நேர ஓட்டத்தில், கரையோரமாக ஆறு கூண்டுகளில் கரிமீன் வளர்ந்துகொண்டிருந்தது. எலிசாளின் மகள் அனுஷாவும் இன்னும் மூன்று பெண்களும் பதினோரு மாதமாகத் தீனி போட்டு வளர்த்த மீன். கிறிஸ்துமஸுக்குப் பிடிக்க இருந்தார்கள். ஆற்று மீன் என்றால் தப்பி ஓடும். கூண்டு மீன் எங்கே ஓடும்?

தீயணைப்பு நிலையத்திலிருந்து ரெனிக்குப் போன் வந்தது. பத்தே நிமிடத்தில் முப்பது தலையணைகளும் மினி லாரியில் ஏறின. டிரைவர் லிஜோ வண்டியைப் பறக்கவிட்டான். பின்னால் தலையணைகளின் மேல் ரெனியும் எலிசாளும் உட்கார்ந்திருந்தார்கள். ரெனி போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு வந்தாள்.

"இல்ல சார், ஒரு துளி வெள்ளம் குடிக்காது. எண்ணெய் மட்டும்தான். சோப்பு பட்டாத்தான் பிரச்சினை. வெள்ளத்தக் குடிச்சிட்டு அப்படியே தாந்துபோகும். நம்ம கிட்ட அந்தப் பயமே வேண்டாம்."

பன்னிரண்டைச் சோப்பில் முக்கியது எலிசாள்தானே. குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து, பக்கத்துத் தலையணையிலிருந்து ஒரு கிள்ளு பஞ்செடுத்து உள்ளே போட்டாள். மிதந்தது. கர்த்தாவே, உமக்கு ஸ்தோத்திரம். இன்னொன்றில் கிள்ளிப் போட்டாள். அது சாவகாசமாகத் தண்ணீரைக் குடித்து அடியில் போய் உட்கார்ந்தது.

சொல்லாமல் இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நினைப்பு வந்தது. வரத்தான் செய்யும், அவளும் மனுஷிதானே. ஆனால் தாழ்ந்த தலையணைக்கு மேலே டீசல் போகும், டீசலுக்குள் அனுஷாவின் மீன் சாகும், பழி ரெனியின் தலையில் விழும்.

"மேடம், ஒரு தப்பு செய்துட்டேன்."

"என்னக்கா?"

"இதுல பன்னெண்டெண்ணத்த நான் சோப்புல கழுவிட்டேன்."

ரெனி கத்தவில்லை. கத்தியிருந்தால் எலிசாளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "எந்தப் பன்னெண்டு?" என்று மட்டும் கேட்டாள்.

"எல்லாம் ஒண்ணு போலல்லா இருக்கு."

இருவரும் கிள்ளிக் கிள்ளிப் பாட்டிலில் போட்டுப் பார்த்தார்கள். ஒரே தலையணையில் ஒரு கிள்ளு மிதந்தது, மறு கிள்ளு தாழ்ந்தது. சோப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோலப் பிடிக்கவில்லை.

"மணம் உண்டு மேடம்," என்றாள் எலிசாள் திடீரென்று. "பிச்சிப்பூ மணம். நாந்தான ஊத்தினேன்."

குலுங்குகிற லாரியில் முழங்காலிட்டு, ஒவ்வொரு தலையணையிலும் மூக்கைப் புதைத்தாள். கருகல் நாற்றமா, ஒரு பக்கம். பூ வாசனையா, மறுபக்கம். ஐந்து, ஏழு, பத்து. ரெனி வாங்கி வாங்கிப் பிரித்துப் போட்டாள். பதினோராவதைத் தள்ளிவிட்ட போது லாரி ஆற்றங்கரையில் நின்றது. காற்றில் டீசல் வாடை குப்பென்று வந்தது. அதற்கப்புறம் எதை முகர்ந்தாலும் டீசல்தான்.

"ஒண்ணு பாக்கி இருக்கு," என்றாள் எலிசாள். அழுகை வந்துவிட்டது.

"எந்தா இத்தற தாமசம்? எல்லாத்தையும் வேகம் இறக்கு!" என்று ஓடி வந்தார் தீயணைப்பு அதிகாரி விஜய்குமார். ரெனி மறைக்காமல் விஷயத்தைச் சொன்னாள். இரட்டை வரிசையாகப் போடுவதாக இருந்தது, இனி ஒற்றை வரிசைதான். இருக்கிற பத்தொன்பதில் ஒன்று கெட்டது, எது என்று தெரியாது. அவர் எலிசாளைப் பார்த்த பார்வையில் அவள் கூசிப்போனாள். பட்டறையில் கிடக்கும் தைக்காத பஞ்சை வெங்காய வலைப்பைகளில் அடைத்துக்கொண்டு வர லிஜோ திரும்பி ஓடினான்.

பத்தொன்பதையும் முனையோடு முனை கட்டி, கூண்டுகளை வளைத்துத் தண்ணீரில் விட்டார்கள். மேலே வளைவில், வெயிலில் ஏழு நிறம் காட்டிக்கொண்டு டீசல் வந்துவிட்டது. எலிசாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஆற்றில் இறங்கினாள்.

"அம்மா, நீ ஏன் எறங்குத?" கூண்டுப் பலகையில் நின்ற அனுஷா அலறினாள்.

எலிசாள் மார்பளவு தண்ணீரில் வரிசையைத் தடவிக்கொண்டே நடந்தாள். நடுவாக்கில் ஒன்று, கை பட்டதும் புதைந்தது. இதுதான். அதற்கடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினாள். நனைந்த மெத்தையின் கனம். பாதியாவது தண்ணீருக்கு மேலே நின்றால்தான் எண்ணெய் தாண்டாது. டீசல் வந்து மோதியது. இருபக்கமும் தலையணைகள் வெள்ளை மாறிப் பழுப்பாகிக்கொண்டே போயின. அவள் கையில் இருந்தது மட்டும் ஒரு சொட்டு எண்ணெயைக் குடிக்காமல் வெளுப்பாகவே கிடந்தது. கழுத்து எரிந்தது, கண் எரிந்தது. தோள் இறங்குகிறது என்று தோன்றியபோது பக்கத்தில் யாரோ வந்து மறுமுனையைத் தாங்கினார்கள். ரெனி.

இருபது நிமிடம் கழித்து லிஜோ வந்தான். வலைப்பைகளை அந்த இடத்தில் கட்டி முடித்த பிறகுதான் எலிசாளைக் கரையேற்ற முடிந்தது. மடக்கிய கை நிமிரவில்லை.

அனுஷா கூண்டுகளில் ஒவ்வொரு பிடி தீனி வீசினாள். முதல் கூண்டில் தண்ணீர் துள்ளியது. இரண்டாவதிலும் துள்ளியது. ஆறாவதும் துள்ளியபோது அவள் பலகையிலேயே உட்கார்ந்து அழுதாள்.

ரெனி அந்தக் கெட்ட தலையணையைக் கரையில் இழுத்துப் போட்டு மிதித்தாள். உள்ளேயிருந்து ஆற்றுத் தண்ணீர் கொட்டியது. குனிந்து முகர்ந்து பார்த்தாள். அவ்வளவு டீசலிலும் உள்ளுக்குள்ளே பிச்சிப்பூ லேசாக மணத்தது.

"அண்ணைக்கு அந்தாளு மூக்கப் பொத்தினதுக்காகவா அக்கா கழுவினீங்க?"

எலிசாள் தலையை ஆட்டினாள். "உன் முகத்தப் பாக்க முடியல மக்ளே," என்றாள். மேடம் என்று சொல்ல மறந்துபோனது.

டீசல் குடித்துக் கறுத்த தலையணைகளைத் தீயணைப்புக்காரர்கள் ஒவ்வொன்றாகக் கரையேற்றினார்கள். ஊரே நாறியது.

"நாளைக்கு அவங்க வருவாங்கல்லா," என்றாள் ரெனி. "இதுல நாலஞ்ச நம்ம வாசல்லயே போட்டு வையுங்கக்கா. கழுவாம."

அழுக்குத் துணி ஒன்றைக்கூட இதுவரை வாசலில் போட்டிராத எலிசாள், "ஓ, போடுதேன்," என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.