டாக்டர் வீட்டில் மீந்த டைல்ஸ்

...உடைக்க வேண்டிய அவசியமே இல்லை, தரை என்ன செத்தா போய்விட்டது, அழுக்குதானே, தேய்த்தால் போகாத அழுக்கு உலகத்தில் எங்கே இருக்கிறது என்று அவள் நைட்டியைத் தூக்கிச் செருகிக்கொண்டு குளியலறை மூலையில் குந்தினாள். வாரத்தில் ஒரு நாள் விடுமுறை, அதையும் இந்தத் தரைக்குக் கொடுத்தாயிற்று. வாசலில் அந்த இரண்டு அட்டைப்பெட்டிகள் நேற்று மாலையிலிருந்து உட்கார்ந்திருக்கின்றன, விருந்தாளி மாதிரி. பல் டாக்டர் வீட்டுக் குளியலறையில் அவள் புருஷன் ஒட்டியதுபோக மீந்த டைல்ஸ், சாம்பல் நிறத்தில் மெல்லிய வெள்ளைக் கீற்று, அந்த டாக்டரம்மாவே தேடித்தேடி வாங்கியதாம், தூக்கிப் போட மனசில்லாமல் உங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க என்று சொன்னாளாம். அவர் அதைச் சொல்லும்போது முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நாளைக்கு மதியம் வேலை முடிஞ்சிரும், வந்து உடைக்க ஆரம்பிச்சா ரெண்டு நாள்ல நம்ம பாத்ரூமும் அவங்க பாத்ரூமும் ஒண்ணு" என்றார். ஒன்று. அந்த டாக்டரம்மாவுக்கு மீந்ததை மிதித்துக்கொண்டு இவள் குளிக்க வேண்டும், ஒவ்வொரு நாளும், காலையில் எழுந்ததும் முதல் வேலையாக. மதியம் அவர் வருவதற்குள் இந்த மொசைக் பளிச்சென்று ஆகிவிட வேண்டும், அவ்வளவுதான், பளிச்சென்று இருக்கிற தரையை எந்தக் கொத்தனாரும் உடைக்க மாட்டான்.

சோப்புத்தூளில் ஒரு சுற்று, கம்பி பிரஷ்ஷில் ஒரு சுற்று. கறுப்பு கொஞ்சம் சாம்பலானது, அதற்கு மேல் நகரவில்லை. கதவுப் பக்கம் மட்டும் பாசி பிடித்த பச்சை, ஏனென்றால் தண்ணீர் வெளியேறும் ஓட்டைக்குப் போகாமல் அங்கேதான் வந்து நிற்கும். வீடு வாங்கும்போதே அப்படி. பத்தொன்பது வருடமாகக் குளித்து முடித்ததும் விளக்குமாற்றை எடுத்துத் தண்ணீரைத் தள்ளிவிட்டுத்தான் வெளியே வருகிறாள். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்திருக்கிற பேர் ரசமட்டம், மட்டம் பார்க்கிற அந்தக் கருவி மாதிரியே நூல் அளவு சாய்ந்தாலும் ஊரான் வீட்டுத் தரையைப் பெயர்த்துவிட்டு மறுபடி போடுவார். ஊரான் வீட்டில். அந்த டாக்டர் வீட்டில் பன்னிரண்டு நாள், ஒரு குளியலறைக்குப் பன்னிரண்டு நாளா... எண்ணியதில்லை என்று சொல்ல முடியாது, எண்ணினாள். நாலு நாளில் முடிகிற வேலை. கேட்டால், அந்தம்மா பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்து பாக்குறாங்க, ஒவ்வொண்ணா கேக்குறாங்க என்கிறார். டைல்ஸை ஏன் தண்ணியில ஊற வைக்கிறீங்க, ஏன் தட்டித்தட்டிப் பாக்குறீங்க. உள்ளே சாந்து நிரம்பாவிட்டால் சத்தம் வெறுமையாகக் கேட்கும் என்று இவர் சொல்ல, நானும் பல்லைத் தட்டித்தான் பாக்குறேன், நீங்களும் நானும் ஒரே தொழில்தான் பண்றோம் என்றாளாம். அதை மூன்று ராத்திரி சொன்னார், சாப்பிடும்போது, படுக்கும்போது, ஒரு தடவை தூக்கம் வந்த பிறகும். பெண் சிரித்துக்கொண்டு, "அம்மா, அப்பா சீக்கிரமே கடை போட்டுருவாரு, பல்லும் புடுங்குவாரு, டைல்ஸும் ஒட்டுவாரு" என்றாள். அவளும் சிரித்தாள். சிரிக்காமல் வேறென்ன செய்வது? ஒரே தொழிலாமே. தையல் கம்பெனியில் ஒரு நாளைக்கு முந்நூறு காலர் தைக்கிறேனே, அது என்ன தொழில், ஒரு காலரை எப்படித் திருப்ப வேண்டும் என்று இந்த வீட்டில் யாராவது ஒரு நாள் கேட்டதுண்டா?

பரணில் அவருடைய ஆசிட் பாட்டில் இருந்தது. ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலக்க வேண்டும் என்பது தெரியும், அவர் சொல்லித்தான் தெரியும், எப்போது சொன்னார் என்பது நினைவில்லை. ஆனால் மணி பன்னிரண்டு. ஜன்னலைத் திறந்துவிட்டு, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, கலக்காமல் அப்படியே ஊற்றினாள். உஸ்ஸென்று நுரைத்தது. பார், வருகிறது பார், எத்தனை வருட அழுக்கு, எப்படிப் பொங்குகிறது... நுரைக்க நுரைக்க ஒரு சந்தோஷம், பல் டாக்டரின் நாற்காலியையே பிடித்து இழுத்துத் தள்ளிவிட்ட மாதிரி. அவள் எப்படி இருப்பாள்? நிறம், உயரம், எதுவும் அவர் சொன்னதில்லை, கேள்விகளை மட்டும்தான் சொன்னார். அழகாக இருக்கிறாள் என்று சொல்லியிருந்தால்கூட ஒரு நாள் சண்டை போட்டு ஆறியிருக்கும். இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். பிறகு வாளித் தண்ணீரை அடித்துவிட்டுப் பார்த்தபோது தரை வெளுத்துத்தான் இருந்தது, வழவழப்பு போய், கால் வைத்தால் உப்புத்தாள் மாதிரி. கல்துண்டுகளைச் சுற்றியிருந்த சிமெண்ட் கரைந்து, ஓட்டை ஓரத்தில் இரண்டு கற்கள் ஆடின. ஒன்று கையோடு வந்துவிட்டது. அதைத் திரும்பவும் குழியில் வைத்து விரலால் அழுத்தினாள், யாரோ பார்த்துக்கொண்டிருப்பது போல.

அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது வந்தாரோ. கோபித்துக்கொள்வார், கோபித்துக்கொண்டால் நல்லது, பதிலுக்கு எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று காத்திருந்தாள். "ஏம்மா, நான்தான் உடைக்கிறேன்னு சொன்னேன்ல, அதுக்குள்ள என்ன அவசரம், கரைச்சே வச்சிட்டே" என்றார். "அந்த டைல்ஸ் எனக்கு வேணாம்." "ஏன், என்ன கொற அதுல?" குறை என்னவென்று சொன்னால் சிரிப்பார், சிரித்தால் தாங்க முடியாது. வேறு எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அழுக்குதான போகுதுன்னு பாத்தேன், ஏன் இப்படி நுரைச்சுது?" என்று கேட்டுவைத்தாள். அவர் பையைச் சுவரோரம் வைத்தார். பக்கத்தில் குந்தினார். "நுரைச்சது அழுக்கில்ல, தரை. மொசைக்ல இருக்கிறது சுண்ணாம்புக் கல்லு, ஆசிட் பட்டா அதுதான் பொங்கும், அதான் கலக்காம ஊத்தக் கூடாதுங்கிறது" என்று ஆரம்பித்தார். தரை கரைந்து கீழே சாந்து எப்படி இருக்கும், புதுசு போடும்போது தண்ணீர் ஓடுகிற வாட்டம் எங்கிருந்து பிடிக்க வேண்டும், முதலில் போட்டவன் கதவுப் பக்கம் சரிவைக் கொடுத்ததால்தான் தண்ணீர் இங்கே நிற்கிறது, "இத எப்பவோ செஞ்சிருக்கணும், நீயும் கேக்கல, எனக்கும் தோணல"... ஈரத்தரையில் விரலால் கோடு இழுத்துக்கொண்டே போனார். இந்தக் குரலை அவள் இந்த வீட்டில் கேட்டதில்லை. அவசரமில்லாத குரல், எதிரில் இருப்பவர் எழுந்து போய்விட மாட்டார் என்று நம்புகிற குரல். முழங்கால் மரத்துவிட்டது, அடுப்பில் சோறு வைக்கவில்லை, ஆனாலும் எழுந்துகொள்ளத் தோன்றவில்லை. அந்த டைல்ஸ் போட்டால் போடட்டுமா? வேண்டாமா? அவர் விரல் நடுவில் நின்றது, பேச்சு முடியப் போகிறது என்று தெரிந்ததும் அவசரமாக, "அப்புறம்?" என்றாள். அந்த டாக்டரம்மாவும் இப்படித்தான் கேட்டிருப்பாளோ, இதே மாதிரி, முடிந்துவிடக் கூடாதே என்று... அவர் அடுத்த கோட்டை இழுக்கத் தொடங்கியிருந்தார்.