கடலுக்கடியில் ஒரு பவுசர்

செபஸ்ரியனுக்கு நீர்மூழ்கிக் கப்பல்களைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. அவற்றை வைத்து வெல்லத்தான் தெரியாது. மவுண்ட் ஆல்பர்ட்டில் யாரோ வீட்டுப் பழைய சாமான் விற்ற கராஜ் சேலில் வாங்கி வந்த போர் விளையாட்டில் மகள் றோஷினியிடம் ஆறு தடவை தோற்றாயிற்று. ஏழாவது ஆட்டத்தில் பந்தயம் வேறு.

பதினைந்து வயது றோஷினி நியூ லின் மாலில் ஒரு பேக்கரியில் சனிக்கிழமை வேலை பிடித்திருந்தாள். செபஸ்ரியன் ஒரு கிழமையாகக் குதித்தார்.

"படிக்கிற பிள்ளை கடையில நிண்டு பாண் விக்கிறதோ? எங்கட வீட்டில சாப்பாட்டுக்குப் பஞ்சமோ?"

கடைசியில், "சரி, வெண்டு காட்டு, வேலைக்குப் போ!" என்று வாயை விட்டுவிட்டார். அவள் உடனே பலகையை விரித்தாள்.

ஞாயிறு பின்னேரம். அவர் வேலை செய்கிற மங்கரே விமான நிலைய கார்கோ ஷெட்டில் ஆள் குறைந்தால் முதல் போன் செபஸ்ரியனுக்குத்தான் வரும். அவரும் வஞ்சகமில்லாமல் ஓம் சொல்லிவிடுவார். இன்று இன்னும் போன் வரவில்லை.

விளையாட்டு இதுதான். நடு அட்லாண்டிக்கில் அவருக்கு ஏழு நீர்மூழ்கிகள். அவற்றுக்கு எண்ணெயும் சாப்பாடும் கொண்டுபோக, கடலுக்கடியில் ஓடும் எண்ணெய் லொறி, பவுசர் மாதிரி, ஒரேயொரு சப்ளைக் கப்பல். அவளுக்கு விமானங்களும் நாசகாரிக் கப்பல்களும். பவுசர் எங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் எண்ணெய் குறைந்த நீர்மூழ்கி கேட்டு அது பதில் சொன்னால், நிற்கிற கட்டத்தையும் சொல்லியாக வேண்டும். எதிரி ரேடியோவை ஒட்டுக்கேட்கிறானாம்.

"உண்மைச் சண்டையிலயும் உதுதான் நடந்தது," என்றார் செபஸ்ரியன் காய்களை அடுக்கியபடி. "ஜெர்மன்காரன் இப்பிடிப் பத்துக் கட்டினவன். பத்தையும் தாட்டுப்போட்டாங்கள். சுட டோர்பிடோ இல்லை, கெதியாத் தாழவும் ஏலாது. வாயைத் திறந்தால் சரி, முடிஞ்சுது."

ஊருக்கு உபதேசம்! மூன்றாவது சுற்றிலேயே ஒரு நீர்மூழ்கி எண்ணெய் கேட்டது. அவர் கட்டத்தைச் சொல்லி ஊற்றினார். அடுத்தது கேட்டது, அதற்கும் ஊற்றினார். மீற்றர் பார்க்க வந்தவனையே சோறு தின்ன வைக்காமல் அனுப்பாத மனுசன், பிளாஸ்டிக் துண்டானாலும் பசியோடு விடுவாரா? றோஷினியின் விமானங்கள் மெல்லச் சுற்றி வளைத்தன.

தேத்தண்ணி கொண்டுவந்த மனைவி மேர்சி பலகையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "இஞ்சருங்கோ, தவளை தன்ர வாயால கெட்ட கதைதான்."

"பொடியன் எண்ணெயில்லாமல் நடுக்கடலில நிக்கிறான், மேர்சி. விட்டிட்டுப் போறதோ?"

மூன்றாவது தரமும் பதில் சொன்னார். பவுசர் அடிபட்டுத் தாழ்ந்தது. மற்ற ஏழையும் றோஷினி தொடக்கூட இல்லை. அவை தாமாகவே எண்ணெய் தீர்ந்து நின்றன.

பேக்கரி ஒரு பக்கம் கிடக்கட்டும். அப்பன் உழைப்பது போதாது என்று பிள்ளை நினைத்துவிட்டாளே என்பதுதான் செபஸ்ரியனைச் சுட்டது. றோஷினி காய்களைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டே, ஏழு கப்பலுக்கு ஒரு பவுசர் என்பது மடத்தனமான திட்டம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

அப்போது போன் அடித்தது. ஞாயிறு பின்னேரம் யார் கூப்பிடுவார்கள் என்று மூன்று பேருக்கும் தெரியும். முதுகைப் பிடித்துக்கொண்டு பழக்கத்தில் எழும்பினார் செபஸ்ரியன். றோஷினி அவருக்கு முன்னே ஓடி ரிசீவரில் கையை வைத்து அமர்த்திக்கொண்டாள்.

"எடுக்காதேங்கோ அப்பா." வீட்டில் தமிழே வராத வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாக வந்தது. "எடுத்தா பவுசர் எங்க நிக்குது எண்டு அவைக்குத் தெரிஞ்சிடும்."

அவர் நின்றபடியே நின்றார். போன் பன்னிரண்டு தரம் அடித்து ஓய்ந்தது. பிறகு கதிரையில் அமர்ந்து, ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தார்.

"பேக்கரியில எத்தினை மணிக்கு நிக்கோணும்?" என்று கேட்டார்.